செட்டிநாட்டு வீட்டில் ஹோம் தியேட்டர்: ஸ்பீக்கரைச் சுவருக்குள் பதிக்கலாமா?

கேட்கப்பட்ட கேள்வியின் சாரம் இது. பள்ளத்தூரில் ஐயா காலத்து வீடு. இரண்டாங்கட்டு ஓரத்தில் சாமான் போட்டு வைத்திருந்த நீள அறையைப் படம் பார்க்கும் அறையாக மாற்ற வேண்டும். அளவு 20 அடிக்கு 13 அடி, உயரம் 14 அடி. முன்னால் மூன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, இந்த ஐந்து ஸ்பீக்கரும் சுவருக்குள் போக வேண்டும். தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸ் முறைக்காக நான்கு மேலே கூரைக்குள். "கட்டர் வைத்து ஒரே நாளில் அறுத்துக் கொடுத்துவிடுகிறேன்" என்று கொத்தனார் சொல்கிறார். அறுக்கலாமா? இந்த ஸ்பீக்கர்களையெல்லாம் ஓட்டும் ரிசீவர் எப்படிப்பட்டது வாங்குவது?

அறுக்காதீர்கள் தம்பி. ஸ்பீக்கர் கண்ணில் படாமல் பதிந்திருக்க வேண்டும் என்ற ஆசையில் தப்பே இல்லை, அதற்கு வழியும் இருக்கிறது. அந்த வழி பழைய சுவரில் இல்லை. பழைய அறைக்குள்ளேயே மரச்சட்டத்தில் ஒரு புது அறையைக் கட்டி, அந்தப் புதுச் சுவரில் பதியுங்கள். செலவு கூடும், அறை சற்றுச் சுருங்கும். ஆனாலும் சத்தமும் நன்றாக இருக்கும், வீடும் பிழைக்கும்.

முதலில் ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து பார்ப்போம். சுவரில் பதிக்கும் ஸ்பீக்கர்கள் மரச்சட்டம் அடித்து மேலே ஜிப்சம் போர்டு போர்த்திய சுவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அந்தச் சுவர் உள்ளே வெற்றிடம். ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தால் விளிம்பைச் சுற்றி நாலைந்து பிளாஸ்டிக் காதுகள் மடங்கி இருக்கும். முன்பக்கத்திலிருந்து ஸ்க்ரூவைத் திருகினால் காது வெளியே விரிந்து, போர்டின் முதுகைக் கவ்விக்கொண்டு முன்னால் வரும். அவ்வளவுதான் பிடிப்பு. கவ்வுவதற்கு அரை அங்குலமோ ஒரு அங்குலமோ தடிமனுள்ள பலகை வேண்டும், அதன் பின்னால் மூன்றரை, நாலு அங்குலம் காலியாக இருக்க வேண்டும். உங்கள் சுவர் உள்ளே முழுக்கச் செங்கலும் சுண்ணாம்பும். காதுக்குக் கவ்வ ஒன்றுமில்லை. கொத்தனார் குழி எடுத்தாலும், அதற்குள் மரப்பெட்டி செருகி, பெட்டியைச் சுற்றிச் சிமெண்ட் அடைத்துத்தான் நிறுத்த முடியும்.

அந்தச் சிமெண்டில்தான் வினையே. உங்கள் வீட்டிலேயே எங்காவது ஏசி பைப்புக்கோ குழாய்க்கோ முன்பு சுவரைக் குடைந்திருப்பார்கள். அங்கே போய் டார்ச் அடித்து விளிம்பைப் பாருங்கள். உள்ளே செங்கல், அதன்மேல் மணல் கலந்த சுண்ணாம்புக் காரை, அதன்மேல் நைசான பூச்சு ஒன்றன்மேல் ஒன்றாக, கடைசியில் மேல்தோலாக மெல்லிய, வழவழப்பான வெள்ளைப் பூச்சு. முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், வெல்லம் எல்லாம் சேர்த்து அரைத்த சுண்ணாம்பைப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது அது. குடைந்த இடத்தைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். விரல் முட்டியால் தட்டுங்கள். நல்ல இடத்தில் "டக்" என்று கேட்கும், விரிசல் பக்கம் "பொத்" என்று கேட்கும். மேல்தோல் சுவரை விட்டுக் கழன்றுவிட்டது என்று அர்த்தம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டிருக்கும். நடுவில் சிமெண்டை அடைத்தால் ஈரம் அங்கே போக வழியில்லாமல் ஓரத்தில் வந்து கூடி, உப்புப் பூத்து, பக்கத்துப் பூச்சையும் தள்ளும். ஐந்து ஸ்பீக்கருக்கு ஐந்து குழி, வயருக்குக் காடி என்று எடுத்தால் ஒரு சுவர்கூடத் தப்பாது. இந்தப் பூச்சைத் திரும்ப அதே பதத்தில் செய்யத் தெரிந்த கைகள் இன்று மிகக் குறைவு.

கூரையும் அப்படித்தான். தேக்கு உத்தரமும் அதன்மேல் அடுக்கிய செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்து பாரம் தாங்கும் கூரை அது. அதில் எட்டு அங்குல வட்டம் வெட்ட இடமே கிடையாது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அதை விடுங்கள், முற்றத்தைச் சுற்றிய வளவு வீடு என்றால் பங்காளிகள் எல்லாருக்கும் பாத்தியதை உள்ளது. நாளைக்கு ஒரு கல்யாணத்துக்கு அந்த அறை வேண்டும் என்று யாராவது கேட்டால், ஸ்க்ரூவைக் கழற்றிப் பழையபடி ஒப்படைக்கக்கூடிய வேலையைச் செய்வதுதான் முறை.

இப்போது சத்தம். வழவழப்பான சுவர், ஆத்தங்குடித் தரை, 14 அடி உயரம். காலியான அந்த அறையில் ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள், சத்தம் சுற்றிச் சுற்றி வரும். கணக்குப் போட்டாலும் அதேதான் வருகிறது. அறையின் கொள்ளளவு சுமார் 103 கன மீட்டர். பரப்பெல்லாம் ஒலியை உறிஞ்சாத ரகம். எதிரொலி அடங்க ஏறக்குறைய 3 வினாடி ஆகும். படம் பார்க்கும் அறைக்கு அது 0.4 வினாடி அளவில் இருக்க வேண்டும். இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கர் போட்டாலும் வசனம் புரியாது. உள்ளே புது அறை கட்டி, உயரத்தை 10 அடிக்கு இறக்கினால் கொள்ளளவு 63 கன மீட்டர் ஆகிவிடும். அப்புறம் தடித்த கார்ப்பெட், துணி சோஃபா, துணி போர்த்திய இரண்டு அங்குல ராக்வுல் (கல் இழைப் பஞ்சு) பலகைகள் சுவரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு. முக்கியமாக முன்சுவர், பின்சுவர், இரண்டு பக்கச் சுவரிலும் ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடங்கள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நீங்கள் சோஃபாவில் உட்காருங்கள், ஒருவர் பக்கச் சுவரோடு ஒட்டிக் கண்ணாடியை நகர்த்தட்டும். கண்ணாடியில் எந்த இடத்தில் முன் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே பலகை வர வேண்டும்.

கூரையை இறக்கச் சொல்வதற்கு இன்னொரு பெரிய காரணம் அட்மாஸ். மேலே நான்கு ஸ்பீக்கர் என்றால், உட்கார்ந்திருப்பவர் காதிலிருந்து முன்பக்கம் சுமார் 45 டிகிரியிலும், பின்பக்கம் அதே அளவு சாய்விலும் வர வேண்டும். உட்கார்ந்த காது தரையிலிருந்து மூன்றரை அடி. 14 அடிக் கூரையில் வைத்தால் உயர வித்தியாசம் பத்தரை அடி. 45 டிகிரிக்கு நீங்கள் சோஃபாவிலிருந்து பத்தரை அடி முன்னால் தள்ளி வைக்க வேண்டும். திரையிலிருந்து 10 அடியில் உட்கார்ந்தால் அது சுவரைத் தாண்டிப் போய்விடும். 10 அடிக் கூரை என்றால் வித்தியாசம் ஆறரை அடி. முன் ஜோடி திரைச் சுவரிலிருந்து மூன்றரை அடியில், பின் ஜோடி பதினாறரை அடியில். புது அறையின் நீளம் 18 அடி 10 அங்குலம் வரும், எல்லாம் உள்ளே அடங்கிவிடுகிறது. உங்கள் அறை அளவைப் பார்த்தவுடன் எனக்குச் சந்தோஷமாக இருந்தது இதனால்தான். நீளம் இப்படி அமைவது அபூர்வம்.

சிலர், கூரையில் பட்டுத் திரும்பும்படி மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர் போதும் என்பார்கள். அது எட்டு, பத்து அடி உயரத்தில் தட்டையான கூரைக்கு. உத்தரம் ஓடும் 14 அடிக் கூரையில் அது வேலை செய்யாது, அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

மற்ற ஸ்பீக்கர்களின் இடம்: முன்னால் இடமும் வலமும் ஒன்றுக்கொன்று எட்டரை அடி தள்ளி. 10 அடியிலிருந்து பார்த்தால் நடுக்கோட்டிலிருந்து ஆளுக்கு 23 டிகிரி வரும். 22 முதல் 30 வரை சரி. கூர்மையான ஒலியைத் தரும் சின்ன ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். நடு ஸ்பீக்கர்தான் வசனம் முழுவதையும் சுமப்பது, அதில் கஞ்சம் பிடிக்க வேண்டாம். முன் மூன்றும் ஒரே ரகமாக இருக்க வேண்டும். புரொஜெக்டர் போடுவதாக இருந்தால் ஒலி ஊடுருவும் நெய்த திரை வாங்கி, மூன்றையும் திரைக்குப் பின்னால் ஒரே உயரத்தில் பதியுங்கள். டிவி என்றால் நடு ஸ்பீக்கர் டிவிக்குக் கீழே, ட்வீட்டர் காதைப் பார்த்துத் திரும்பும் ரகமாக. பக்க ஸ்பீக்கர் இரண்டும் காதுக்கு நேர் பக்கத்தில் அல்ல, சோஃபாவுக்கு இரண்டடி பின்னால், நான்கடி உயரத்தில். முன் ஸ்பீக்கரை மட்டும் கூரையில் வைத்துவிடாதீர்கள். நிறையப் பேர் அழகுக்காக அப்படிச் செய்கிறார்கள். ஆள் திரையில் பேசுவார், குரல் உச்சியிலிருந்து வரும்.

சட்ட வேலைக்கு வருவோம். நாலுக்கு ரெண்டு சட்டம், 16 அங்குலத்துக்கு ஒன்று. பழைய சுவருக்கும் புதுச் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு அங்குலம் இடைவெளி கண்டிப்பாக விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுண்ணாம்புச் சுவர் ஈரம் வாங்கும். அது காய்வதற்குக் காற்று வேண்டும். கீழேயும் மேலேயும் கம்பி வலை போட்ட திறப்புகள், ஒரு மூலையில் ஆள் கையை விட்டுப் பார்க்கும் அளவுக்குச் சின்னக் கதவு. கரையான் வந்தால் அங்கேதான் முதலில் தெரியும். சட்டங்களுக்கு அடிக்கும் முன்பே போரான் உப்புக் கரைசல் ஏற்றிவிட வேண்டும். அடிச்சட்டத்தை ஆத்தங்குடித் தரையில் போல்ட் அடித்து இறுக்க வேண்டாம். அந்தக் கல் சுட்டது அல்ல, கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றித் தண்ணீரில் ஊறவைத்துச் செய்தது. டிரில் வைத்தால் பூ வேலையோடு தெறிக்கும். கீழே தடித்த ரப்பர் ஷீட் போட்டு அதன்மேல் சட்டத்தை உட்கார வையுங்கள். நாலு சுவரும் மூலைக்கு மூலை பிணைந்து, மேலே சீலிங் சட்டமும் கட்டிவிட்டால் அறை தன்னாலேயே நிற்கும். ரப்பர் போடுவதால் பேஸ் (அடித்தொனி) சத்தம் தரை வழியே வளவுக்குப் போவதும் குறையும். பெரியவர்கள் படுக்கும் நேரத்தில் அதன் அருமை தெரியும்.

சீலிங்குக்கு நாலுக்கு ரெண்டு போதாது. கிட்டத்தட்ட 12 அடி தாண்ட வேண்டும், இரட்டைப் போர்டு சதுர மீட்டருக்கு 20 கிலோ அளவில் கனக்கும். ஆறுக்கு ரெண்டு சட்டத்தைக் குத்துவசமாக நிறுத்துங்கள், ஆசாரியோடு ஓர் இன்ஜினியரையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். இதே வேலையை மாடியில் செய்ய நினைப்பவர்கள் பழைய மரத்தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பார்க்காமல் தொடங்கவே கூடாது. சுவருக்கு உள்ளடுக்கு 18 எம்.எம். ப்ளைவுட், மேலடுக்கு 12.5 எம்.எம். ஜிப்சம். ப்ளைவுட் இருந்தால் ஸ்பீக்கரின் காதுகள் நன்றாகக் கவ்வும், போர்டு அதிராது. ஆனால் காது எவ்வளவு தடிமன் வரை விரியும் என்று ஸ்பீக்கர் பெட்டியில் உள்ள தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். போதாவிட்டால் அந்த இடத்தில் மட்டும் ப்ளைவுட்டைப் பின்பக்கம் கொஞ்சம் செதுக்கச் சொல்லலாம்.

பின்பெட்டி விஷயத்தைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். பதிக்கும் ஸ்பீக்கரில் பெரும்பாலானவற்றுக்கு முதுகு திறந்திருக்கும், சுவரின் உள்வெற்றிடமே அதற்குப் பெட்டி. இடப்பக்கச் சுவருக்குள் ஒரு அளவு, வலப்பக்கம் இன்னொரு அளவு என்றிருந்தால் பேஸ் ஆளுக்கு ஒரு மாதிரி வரும். கம்பெனி சொல்லும் லிட்டர் கணக்குக்கு ஏற்ப ப்ளைவுட் பெட்டி செய்து, ஓரமெல்லாம் சிலிகான் அடைத்து, உள்ளே ராக்வுல் தளர்வாக நிரப்பி, ஒன்பது ஸ்பீக்கருக்கும் வையுங்கள். மேலே உள்ள நான்குக்கு இது இரட்டை லாபம். பழைய கூரையிலிருந்து உதிரும் காரையும், பல்லியும் எலியும் ஸ்பீக்கருக்குள் இறங்காது. வாங்கும்போதே கூம்பின் விளிம்பு ரப்பரா, ஃபோமா என்று கேளுங்கள். நம் பக்கத்து ஈரத்துக்கு ஃபோம் சில வருடத்தில் பொடிந்துவிடும்.

வயர் 2.5 ஸ்கொயர் எம்.எம்., சுத்தச் செம்பு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது நிறைய விற்கிறது, வேண்டாம். கணக்கு இதுதான்: வயரின் மின்தடை ஸ்பீக்கரின் ஓம் அளவில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ரிசீவரிலிருந்து 15 மீட்டர் தூரம் என்றால் போய் வர 30 மீட்டர். 2.5ல் தடை 0.2 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 வரை போகலாம், 4 ஓமுக்கும் ஒட்டி வந்துவிடுகிறது. 1.5 போட்டால் 8 ஓமுக்குச் சரி, 4 ஓமுக்குப் போதாது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி 25 எம்.எம். பைப், முனையில் ஒரு மீட்டர் வயர் மிச்சம். கரண்ட் பைப்போடு ஒரே பைப்பில் போகக்கூடாது, குறைந்தது ஒரு அடி தள்ளியே ஓடட்டும். குறுக்கே போக வேண்டி வந்தால் நேர்செங்குத்தாகக் கடக்கட்டும். புரொஜெக்டருக்கு எச்.டி.எம்.ஐ. தூரம் போக வேண்டியிருந்தால் ஃபைபர் ரகம் வாங்குங்கள். அதற்கு எந்த முனை ரிசீவர் பக்கம், எது புரொஜெக்டர் பக்கம் என்று திசை உண்டு, மாற்றி இழுத்துவிட்டால் படம் வராது. அதன் தலை நுழையும் அகலத்தில் பைப்பும், கூடவே காலிப் பைப் ஒன்றும் போட்டு வையுங்கள். போர்டு அடித்து மூடும் முன் ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்து வைக்க வேண்டும். சட்டம் எங்கே, பைப் எங்கே என்று பிறகு அதைப் பார்த்தால்தான் தெரியும்.

மூடும் முன் இன்னொன்று. ஸ்பீக்கரை இணைத்து, ரிசீவர் பக்கத்தில் வயரின் இரண்டு இழையையும் 1.5 வோல்ட் பேட்டரியில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ் பிளஸில் பட்டால் பேஸ் தரும் பெரிய கூம்பான வூஃபர் வெளியே எழும்பும். உள்ளே போனால் எங்கோ மாறியிருக்கிறது. ஒன்பதில் ஒன்று மாறினாலும் பேஸ் மெலிந்துபோகலாம், காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் தவிப்பார்கள். போர்டில் ஓட்டை வெட்டுவதற்கு முன் ஸ்பீக்கரை ஸ்டூல் மேல் அதே இடத்தில் வைத்து ஒரு படம் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஸ்பீக்கரின் முன்வலையான கிரில்லுக்குச் சுவர் நிறம் அடிப்பதானால் பிரஷ் வேண்டாம், துளை அடைத்துக்கொள்ளும். கழற்றி, பின்னால் உள்ள துணியையும் எடுத்துவிட்டு, ஸ்ப்ரே மட்டும்.

பேஸை மட்டும் தரும் சப்வூஃபரைச் சுவரில் பதிக்க ஆசைப்படாதீர்கள். தரையில் நிற்கும் பெட்டியே போதும். சோஃபா இருக்கும் இடத்தில் சப்வூஃபரை வைத்துப் பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய் எங்கே பேஸ் ஒரே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். அறை மூடியிருப்பதால் ஏசி வேண்டும். அதன் பைப்புக்கும் சுவரைக் குடைய வேண்டாம். மேல் ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாக அதே அளவில் ப்ளைவுட் வைத்து, அதில் துளை போட்டு வெளியே எடுங்கள். கண்ணாடியைப் பத்திரமாகச் சுற்றி எடுத்து வைத்துவிடுங்கள்.

காரைக்குடியில் புதுசாக ஆர்.சி.சி. வீடு கட்டுபவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சுருக்கமாக: ஒன்பது அங்குலச் சுவரில் பூச்சுக்கு முன்பே மரப்பெட்டி வைத்துக் கட்டச் சொல்லலாம், நாலரை அங்குலச் சுவரில் வேண்டாம். தளத்தை வெட்டவே கூடாது. ஃபால்ஸ் சீலிங்கில்தான் ஸ்பீக்கர். ஜிப்சம் மட்டும் தாங்காது, மேலே ப்ளைவுட் பட்டை வைத்து, தளத்திலிருந்து பாதுகாப்புக் கம்பி ஒன்றும் இழுத்துக் கட்டுங்கள்.

கடைசியாக ரிசீவர். ஐந்தும் நான்குமாக ஒன்பது ஸ்பீக்கர், ஆகவே ஒன்பது சேனல் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பகுதி) உள்ளது வேண்டும். ஏழு சேனல் ரிசீவரில் மேலே இரண்டுதான் ஓடும். ஒலியை ஒன்பதாகப் பிரித்துத் தரும் சக்தியும், வெளி ஆம்ப்புக்கு ஒலியை அனுப்பும் ப்ரீ அவுட்டும் உள்ள ஏழு சேனல் ரகம் என்றால், தனியாக ஒரு இரண்டு சேனல் ஆம்ப் சேர்த்து ஓட்டலாம். வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஸ்பீக்கரின் உணர்திறன் (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் வரும் சத்தம்) 88 டெசிபெல் என்றால், 10 அடியில் ஒரு வாட்டுக்கே 78 டெசிபெல் வரும், 100 வாட்டுக்கு 98. அந்த அறைக்கு அது தாராளம். டெனான், யமஹா இரண்டிலும் அறைக்கேற்பச் சரிசெய்யும் மைக் கூடவே வருகிறது. மைக்கைக் காது உயரத்தில் ஸ்டாண்டில் வைத்து ஓடவிட்டு, முடிந்ததும் எல்லா ஸ்பீக்கரும் "ஸ்மால்" என்றும், கிராஸ் ஓவர் (எதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸ் என்றும் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கையால் மாற்றுங்கள். ரிசீவர் அறைக்கு வெளியே, காற்றோட்டமான அலமாரியில் இருக்கட்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்து அளந்து, சர்ஜ் பாதுகாப்பும் போட்டுவிட்டு இணையுங்கள், இடி மின்னல் உள்ள ஊர். ஸ்பீக்கரை முதலில் வாங்குங்கள். அறுக்க வேண்டிய அளவுத் தாள் அதன் பெட்டியில்தான் இருக்கும், ஆசாரி அதைப் பார்த்துத்தான் சட்டத்தைப் பிரிக்க வேண்டும். ரிசீவரை வேலை முடிகிற மாதத்தில் வாங்கினால் போதும்.